பழைய பொம்மை சேர்க்கப் போறீங்களா? மதுரைக்காரங்களுக்கு ஒரு கையேடு

பெரிய பொம்மைக் கடைக்குப் போனால் சில பெட்டிகள் மேல் 18+ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுகளைப் பொருத்திக் கட்டுகிற லெகோ பொம்மைக் கம்பெனி 2020-லிருந்து பெரியவர்களுக்கென்றே கறுப்புப் பெட்டியில் விற்கிற வரிசை அது. 2021-ல் வந்த டைட்டானிக் கப்பலில் மட்டும் 9,090 துண்டுகள். எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டு அடம் பிடிக்காது. சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போய் இப்போது மாதச் சம்பளம் வாங்குகிற நம்மை நினைத்துச் செய்தது. ஹாட் வீல்ஸ் குட்டிக் கார்களும் பார்பி பொம்மையும் செய்கிற மேட்டல் 2020-ல் சேகரிப்பவர்களுக்காகவே மேட்டல் கிரியேஷன்ஸ் என்ற இணையக் கடையைத் திறந்தது. இன்னொரு பெரிய பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ அதற்கும் முன்னால் 2018-லேயே, இத்தனை பேர் முன்பதிவு செய்தால்தான் தயாரிப்போம் என்று ஹாஸ்லேப் திட்டத்தை ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் 2024-ன் முதல் மூன்று மாதத்தில், மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான விற்பனையைவிடப் பெரியவர்கள் தங்களுக்காக வாங்கியது அதிகம் என்று சர்கானா என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இருக்கிற பிள்ளைகளும் ஏழெட்டு வயதிலேயே போனுக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்றுதான் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கம்பெனிக்குச் சரக்கு விற்றாக வேண்டும், நம் கையில் காசும் இருக்கிறது, மனசில் ஏக்கமும் இருக்கிறது.

சேகரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அருமையான பழக்கம் அது. ஆனால் கம்பெனி 'லிமிடெட் எடிஷன்' என்று அச்சடித்து விற்பதும், முப்பது வருஷம் வீடு வீடாக உடைந்து தொலைந்து கடைசியில் மிஞ்சி நிற்பதும் வேறு வேறு. முதல் வகையைக் கம்பெனி எப்போது நினைத்தாலும் இன்னும் பத்தாயிரம் போட முடியும். 90களில் அமெரிக்காவில் பீனி பேபீஸ் துணிப் பொம்மைகளைப் பிள்ளைகளின் படிப்புக்கான முதலீடு என்று நம்பி மூட்டை மூட்டையாக வாங்கினார்கள், சில வருஷத்தில் விலை தரைக்கு வந்துவிட்டது. பெரிய தலை வைத்த சின்னப் பொம்மைகளை விற்கிற ஃபன்கோ கம்பெனி 2023-ல் மூன்று கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள சரக்கை, வைக்க இடமில்லாமல் அழிக்கப் போவதாக அறிவித்தது. அதனால் லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள். உங்கள் கை தொட்டு விளையாடிய பொருளைத் தேடுங்கள்.

எனவே முதல் வேலை, காசை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுவது. உங்களிடம் நிஜமாகவே இருந்தது எது, பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்து நீங்கள் ஏங்கியது எது? டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டா, பிரிக் கேமா, பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற சென்டி அம்பாசடர் காரா, சித்திரைத் திருவிழாவில் வாங்கிய, விளக்கு ஏற்றினால் தண்ணீரில் ஓடுகிற தகரப் படகா, எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூலின் ஜி.ஐ. ஜோ வீரர்களா? அதில் ஒன்றை, அதிகம் போனால் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்க்க ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் காசும் தீரும், ஆசையும் தீரும். நம்ம ஊர்ப் பதிப்புகளுக்கு வெளிநாட்டிலும் மவுசு உண்டு. ஃபன்ஸ்கூலின் ஜி.ஐ. ஜோ வீரர்களில் சிலது அமெரிக்காவில் வராத நிறங்களில் வந்தது, மேட்டலுக்காக இந்தியாவில் லியோ தயாரித்த ஹாட் வீல்ஸ் கார்களையும் அங்கே விரும்பித் தேடுகிறார்கள்.

அடுத்தது எங்கே தேடுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திலகர் திடல் சந்தைக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்குள் போனால் நல்லது. பழைய இரும்பு, சார்ஜர், ஸ்பேனர் குவியலுக்குள் பொம்மை கிடக்கும், தனியாக யாரும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள், குனிந்து கிளற வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் சந்தையைவிட நல்ல இடம் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கத்துப் பழைய பேன்சி ஸ்டோர்களும் ஸ்டேஷனரி கடைகளும்தான். விற்காத சரக்கு பல வருஷமாகப் பரணில் கிடக்கும். நேராக "ஹாட் வீல்ஸ் இருக்கா" என்று கேட்காமல் ஒரு நோட்டோ பேனாவோ வாங்கிவிட்டு, "அண்ணே, பழைய விளையாட்டுச் சாமான் ஏதாச்சும் மேல கிடக்கா? நானே ஏறிப் பார்த்து எடுத்துக்கிறேன்" என்று கேளுங்கள். ஏணி ஏறச் சோம்பல் பட்டுத்தான் பல பேர் இல்லை என்று சொல்வது. கிடைத்தால் பேரம் பேசி நசுக்காதீர்கள், அந்தக் கடைக்கு நீங்கள் மறுபடியும் போக வேண்டியிருக்கும்.

புது ஹாட் வீல்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி மேல் டி.ஹெச். என்ற எழுத்து, பளபளக்கும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்ட், ரப்பர் டயர், மூன்றும் சேர்ந்திருந்தால் அது சாதாரண வண்டிகளுக்கு நடுவே அபூர்வமாகக் கலந்து வருகிற சூப்பர் ட்ரெஷர் ஹன்ட். சாதாரண வண்டிக்கு டயரை மாற்றிவிட்டு சூப்பர் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், மூன்றையும் பாருங்கள். கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் அது சட்டப்படி தப்பு. இறக்குமதிப் பொம்மைக்கு விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால், சுங்க வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள்.

பழைய காரைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். லியோ வண்டி என்றால் லியோ, இந்தியா என்ற எழுத்து இருக்க வேண்டும். அப்புறம் ரிவெட். அடியில் உடம்பையும் தகட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன வட்டத் தலையில் துளை போட்ட தடமோ, பசை ஒழுகிய தடமோ இருந்தால் வண்டியைப் பிரித்து ரீபெயின்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணாடி மேலோ சக்கர ஓரத்திலோ பெயின்ட் துளி ஒட்டியிருந்தாலும் அதேதான். ரீபெயின்ட் வாங்கக் கூடாது என்றில்லை, அதற்கான விலைக்கு வாங்குங்கள்.

தகரப் படகுக்கு வேறு சோதனை. பின்னால் இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை விரலால் அடைத்து, படகைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, இன்னொன்றில் ஸ்ட்ரா வைத்து மெல்ல ஊதுங்கள். கொதிகலன் தகட்டிலிருந்து குமிழி வந்தால் ஓட்டை, விளக்கு ஏற்றினாலும் அந்த 'டப டப' சத்தம் வராது. சோதித்த பிறகு தண்ணீரை உதறி நன்றாகக் காய வையுங்கள், துருப்பிடித்தால் மீட்க முடியாது.

ஜி.ஐ. ஜோ வாங்கினால் இடுப்பு தொளதொளவென்று ஆடுகிறதே என்று பயப்படாதீர்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம்தான் காலையும் உடம்பையும் இழுத்துப் பிடிக்கிறது, நம்ம ஊர் சூட்டில் அது கெட்டியாகிப் பொடிந்துவிடும். முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கும். அளவு சரியான ஸ்க்ரூடிரைவரால் கழற்றினால் உடம்பு இரண்டாகத் திறக்கும், கை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வளையத்தின் துண்டை எடுத்துக்கொண்டு மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடைக்குப் போய் அதே பருமனில் 'ஓ ரிங்' கேளுங்கள். மாட்டும்போது ஸ்க்ரூவை இறுக்கித் தள்ளாதீர்கள், பிளாஸ்டிக் விரிந்துவிடும். கையில் துப்பாக்கியைச் சொருகும் முன் அந்தக் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சநேரம் வையுங்கள், இல்லையென்றால் கட்டைவிரல் முறிந்துவிடும். கட்டைவிரல் போன ஜோவுக்கு விலையே போய்விடும்.

பேட்டரி போடும் பொம்மை என்றால் கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காய வைத்துப் பாருங்கள், பல நேரம் உயிர் வரும். வீட்டில் வைக்கும்போது பேட்டரியை எடுத்துவிட வேண்டும்.

மதுரையில் சேகரிப்பைக் கெடுக்கிற முதல் எதிரி பரண்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே, கத்திரி வெயிலில் வெந்து கிடக்கிற பரணில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும், ஒட்டிய ஸ்டிக்கர் உரியும். தரைத்தளத்தில், வெளிச் சுவரை ஒட்டாமல், ஜன்னல் வெயில் படாத அலமாரியில் வையுங்கள், வெயில் பட்ட வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். ஐப்பசி மழைக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். அந்துருண்டை போடவே போடாதீர்கள், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கார்டும் அட்டைப் பெட்டியும் இருந்தால் மரச் சட்டத்தில் கரையான் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குவதில் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய தேதியைத் தாளில் எழுதிப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், அடிப்பாகமும் தெரிய வேண்டும். தயங்கினால் விட்டுவிடுங்கள். நீங்கள் விற்கிறவராக இருந்தால், பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

இன்னொரு விஷயத்தை மனசாரச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பொம்மை சேர்ப்பது நமக்குப் புதிதே கிடையாது, கொலு வைக்கிற வீடுகளில் வருஷா வருஷம் ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்த்துத் தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் அந்தப் பொம்மைகளைக் கையாலேயே செய்கிறார்கள். இறக்குமதிப் பெட்டி ஒன்றுக்குக் கொடுக்கிற பணத்தில் அங்கே ஒரு செட்டே வாங்கலாம். நவராத்திரி நெருக்கத்தில் போகாமல் ஆடி, ஆவணியிலேயே போங்கள், நின்று பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் தேர்ந்தெடுக்க முடியும். பாட்டி வீட்டுப் பழைய பொம்மையில் மூக்கு உடைந்திருந்தால் கையோடு எடுத்துப் போய், சரிசெய்து தர முடியுமா என்று கேளுங்கள். புதிதாகப் பூச வேண்டாம், உடைந்த இடத்தை மட்டும் ஒப்பேற்றிக் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழுதாகப் பூசினால் பழைய முகம் போய்விடும்.

கடைசியாக, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பழைய பெயின்ட் அடித்த பொம்மையை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, வாயில் வைக்கிற வயது ஆபத்து. அதற்காக அலமாரியைப் பூட்டிவிட்டு "தொடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அந்த முத்திரை பார்த்து அவர்களுக்கென்று தனியாக ஒரு கார் வாங்கிக் கொடுங்கள், அதை மண்ணில் போட்டு உருட்டட்டும்.