விண்கல மாதிரிக்கு எஞ்சின் கூட்டை நாமே செதுக்கிச் செய்வது

விண்கல மாதிரிக்கென்று தனியாகச் செய்யும் பாகங்களுள் பலரையும் திணறடிப்பது, முனை குவிந்து வால் சிறுத்த எஞ்சின் கூடுதான். பென்சிலால் போட்ட நடுக்கோடு உப்புத்தாள் பட்டதுமே அழிந்து, வடிவம் நமக்குத் தெரியாமலே ஒருபுறம் சாய்ந்துவிடும். ஆகவே அந்தக் கோட்டைக் கட்டைக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும்.

0.5 மி.மீ. கறுப்பு ஸ்டைரீன் (மாதிரி செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்) தகடு ஒன்றை நடுவில் வைத்து, இருபுறமும் 1.5 மி.மீ. வெள்ளைத் தகடுகளை ஆறாறாக ஒட்டினால் 18.5 மி.மீ. தடிமனுள்ள கட்டை கிடைக்கும். திரவப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்தே இணைப்பதால், அதை மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டுச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். இல்லையென்றால், உள்ளே அடைபட்ட கரைப்பான் பின்னர் மெல்ல ஆவியாகும்போது, பெயின்ட் அடித்த பிறகும் ஒட்டுவாய்கள் குழிந்து தெரியும்.

வெளிமுகத்தில் பக்கத் தோற்றத்தை வரைந்து அறுத்த பின், மேலே கோடாகத் தெரியும் கறுப்புத் தகட்டின் விளிம்பிலிருந்து இருபுறமும் அளந்து மேல்தோற்றத்தையும் அறுக்கவும். உடனே உருட்டத் தொடங்கக் கூடாது. வெட்டுமுகம் சதுரமாக உள்ள இடத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் பக்க அளவில் 0.29 பங்கு, அதாவது 18.5 மி.மீ.க்குச் சுமார் 5.4 மி.மீ., குறித்து மூலைகளைச் சீவினால் சரியான எண்கோணம் வரும். அதன் விளிம்புகளை மீண்டும் சீவிய பிறகு உருட்டுவது எளிது. கறுப்புக் கோடு எங்காவது நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து தெரிந்தால், அந்த இடத்தில் ஒருபுறம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

240, 400, 600 என எண் கூடக் கூட நயமாகும் உப்புத்தாளை மாற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சான சாம்பல் நிறப் பிரைமர் அடித்ததும் மறைந்திருந்த கீறல்கள் வெளிப்படும். ஆழமான பள்ளத்துக்கு இரு கலவை எபாக்சி புட்டியே ஏற்றது. சிறு குழிக்கு சூப்பர் க்ளூ போதும் என்றாலும், அது ஸ்டைரீனைவிடக் கெட்டியாகிவிடும் என்பதால் இறுகியவுடனே தேய்த்துவிட வேண்டும்.

மேலே ஒட்டும் பேனல்களின், அதாவது கவசத் தகடுகளின், தடிமனில்தான் மாதிரியின் நம்பகத்தன்மை கெடுகிறது. 0.25 மி.மீ. தகடு 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) 18 மி.மீ. கவசத்துக்குச் சமம், 1/144 அளவிலோ 36 மி.மீ. ஆகிவிடும் என்பதால், அங்கே கோடு கீறுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடையில் வாங்கிய மாதிரிப் பெட்டிகளில் (கிட்) மிச்சமிருக்கும் உதிரிகளை இண்டு இடுக்கெல்லாம் ஒட்டும் ஆசையையும் சற்று அடக்க வேண்டும்.

ஜோடிக் கூடு தேவையென்றால், பேனல்களை ஒட்டும் முன்பே முதல் கூட்டுக்கு சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, ஊற்றினால் இறுகும் ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு அச்செடுத்தால், இடப்பக்கத்துப் பேனல்களே வலப்பக்கத்திலும் வந்து நிற்கும்.