கும்பகோணத்தில் தீர்த்த நடை: புது வழிகாட்டிகளுக்குச் செய்முறை

கும்பகோணம் என்றதும் புது வழிகாட்டிகள் கோயில் பட்டியலோடு கிளம்பிவிடுகிறார்கள். நாலாவது கோயிலில் கூட்டம் நிழல் தேட ஆரம்பிக்கும். இது நீராடுவதற்கென்று ஜனம் வரும் ஊர். மகாமகக் குளம், பொற்றாமரைக் குளம், காவிரி என்பது முழுக்குப் போடும் மரபான வரிசை. அதே வரிசையில் நடத்துங்கள். பாதை தானாக அமைந்துவிடும்.

1. முந்தின நாள்
குளத்திலும் ஆற்றிலும் தண்ணீர் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதற்கு முந்திய கோடையில் காவிரி பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். வருகிறவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். கடைத்தெரு நெரிசலில் பின்னால் வருகிறவர்கள் தங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு துணிப்பை கொண்டுவரச் சொல்லுங்கள். எதற்கென்று மூன்றாவது கட்டத்தில் தெரியும்.

2. காலை 6.30, மகாமகக் குளம் வடகரை
அதிக நேரம் இங்கேதான் தேவை. முக்கால் மணி ஒதுக்குங்கள். கரையைச் சுற்றி 16 மண்டபங்கள், நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. துலாபார மண்டபத்தில் எல்லோரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்: விதானத்தில் தராசுச் சிற்பம் இருக்கிறது. குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகள் உண்டு. தண்ணீர் இறங்கியிருந்தால்தான் அவற்றைக் காட்ட முடியும்.

‘மகாமகம் ஏன் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வியாழன் ராசி மண்டலத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு ஆகிறது. அது சிம்மத்தில் இருக்கும்போது வரும் மாசி மகமே மகாமகம். போனது 2016, அடுத்தது 2028. பக்கத்திலுள்ள காசி விசுவநாதர் கோயிலில் ஒன்பது நதிக் கன்னியரைப் பார்த்தபின் நகருங்கள்.

3. சாரங்கபாணி, பொற்றாமரை
சாரங்கபாணி கோயிலில் சந்நிதிக்குள் நுழைய இரண்டு வாசல்கள்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். மாதம் பார்த்துச் சொல்லுங்கள். கிழக்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு, பொற்றாமரைக் குளம் மேற்கே இருக்கிறது என்று அப்படியே நடந்தால், வெயிலேறிய தரையில் திரும்பி வரவேண்டும். துணிப்பை அதற்குத்தான்: செருப்பைப் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளலாம். கிழக்கே சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வீடு இருக்கிறது. வெளியே நின்று இரண்டு வார்த்தை போதும். காபி இடைவேளையை இங்கே வையுங்கள், இல்லாவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

4. கும்பேசுவரர்
அமுதமும் மணலும் சேர்ந்து உருவானது என்று தலபுராணம் சொல்லும் லிங்கம். அதனால் மூலவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகு என்ற வாசனைப் பொருள்தான். இத்தனை தீர்த்தம் உள்ள ஊரில் இப்படியா என்று கேட்கவைக்கும் இடம் இது. சந்நிதிக்குள் விளக்கம் கொடுக்காதீர்கள். பிரகாரத்திலேயே சொல்லி முடித்துவிட்டு உள்ளே அனுப்புங்கள். மதியம் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள், ஆகவே வேறு எங்கும் இழுத்தடிக்க வேண்டாம்.

5. சக்கரப் படித்துறை
சக்கரபாணி கோயிலைத் தாண்டி வடக்கே காவிரி. புதுத் தண்ணீர் வரும் நாட்களில் இழுப்பு அதிகம், கீழ்ப் படிகளில் பாசி வழுக்கும். கால் நனைக்கிறவர்களை மேல் படியோடு நிறுத்துங்கள். முழுக்குப் போட்டே ஆகவேண்டும் என்கிறவர்களை உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்துக்கு மட்டும் விடுங்கள். திரும்பும் ஆட்டோவுக்குக் கூலியைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். ஈரத்துணியோடு ஏறுகிறவர்களிடம் கூடுதலாகக் கேட்பார்கள்.