ஊரே வெறுக்கும் ஆளுக்கு வாதாடும் லாயர்: பினாங்கில் ஒரு நீதிமன்றத் திரில்லர் எழுதுவது எப்படி?

நம் மலேசியத் தமிழில் நீதிமன்றத் திரில்லர் எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வாசிக்கக் கிடைக்கும் கதைகளில் நீதிபதி சுத்தியலைத் தட்டுகிறார், லாயர் ஜூரியைப் பார்த்து உருக்கமாகப் பேசுகிறார், கடைசி நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சாட்சி ஓடி வருகிறார். ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் உயர் நீதிமன்றத்தில் இப்படி எதுவும் நடக்காது. நடப்பதை நடக்கிறபடியே எழுதினால் இதைவிடப் பரபரப்பாக இருக்கும், அதை நம்பித்தான் போன வருடம் ஒரு குறுநாவலை எழுதி முடித்தேன். அப்போது கைக்கு வந்த வழியை இங்கே வைக்கிறேன். பாத்திரம் படைப்பது, உரையாடல் எழுதுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: வெறுப்பை வீட்டுப் பக்கத்தில் வையுங்கள்

'சமூகமே வெறுக்கும் குற்றவாளி' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் உறைக்காது. உங்கள் வாசகரே வெறுக்கிற ஆளாக இருக்க வேண்டும். என் கதையில் அவர் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வேன் ஓட்டிப் பிழைக்கிற சின்னையா. வேனில் 50 கிராமுக்கு மேல் சியாபு, அதாவது மெத்தாம்பெட்டமின் போதைப்பொருள், கிடைத்திருக்கிறது. அதே தாமானில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சியாபுவால் கெட்டுப்போனவர்கள். சின்னையா நல்லவரும் இல்லை. கடன் வாங்கினால் கொடுக்க மாட்டார், தண்ணி போட்டால் வாய் நீளும். இப்படி ஒருவரை வைத்தால்தான், "இவனுக்காகவா?" என்று வாசகருக்கே ஒரு கணம் தோன்றும்.

50 கிராம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் மெத்தாம்பெட்டமினுக்கு அந்த அளவும், ஹெராயினுக்கு 15 கிராமும், கஞ்சாவுக்கு 200 கிராமும் எல்லை. அதைத் தொட்டால் கடத்தல் என்றே சட்டம் ஊகிக்கும், கடத்தலுக்கான 39பி பிரிவு வந்துவிடும். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் இல்லை, ஆனால் மரண தண்டனை போய்விடவில்லை, விதிப்பதும் விடுவதும் நீதிபதி கையில் இருக்கிறது. அதனால் இப்படி ஒரு வழக்கில் ஜாமீன் எதிர்பார்க்க முடியாது. போலீஸ் லாக்கப்பில் இருக்கும் முதல் நாட்கள் போக, சின்னையா கதை முழுக்க ஜாலான் பெஞ்சாராவில் உள்ள பழைய சிறையில்தான் இருப்பார். லாயர் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

படி 2: லாயரின் கஷ்டத்தைக் கணக்கோடு காட்டுங்கள்

லாயர் ஏழை என்று சொன்னால் போதாது, எதனால் கஷ்டம் என்று தெரிய வேண்டும். கிரிமினல் வழக்கை மட்டும் நம்பி இருக்கும் சின்ன ஆபீஸ்காரருக்கு இங்கே மாத வருமானம் நிச்சயமில்லை, வீடு நிலம் கைமாறும் பத்திர வேலைதான் சோறு போடும். ஜெயித்தால் இவ்வளவு என்று பேசிக் காசு வாங்கச் சட்டம் விடாது. ஆளில்லாத மரண தண்டனை வழக்குக்கு நீதிமன்றமே லாயரை நியமிக்கும், ஆனால் அது குற்றம் சாட்டிய பிறகுதான். என் லாயர் அதற்கும் முன்பே, சின்னையா கைதான நாட்களிலேயே இதற்குள் வந்துவிடுகிறார்.

வந்த பிறகுதான் அடி விழுகிறது. கோயில் கமிட்டி தன் நிலப் பத்திர ஃபைலைத் திரும்பக் கேட்டு ஆள் அனுப்புகிறது. வந்த பையன் உட்காரவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படி இறங்கிவிடுகிறான். ஒட்டுக்கடையில் பசியாறப் போனால் தெரிந்த அக்கா, "ஏன் தம்பி, அவனுக்கா வாதாடுறீங்க?" என்று கேட்கிறார். இந்த இடத்தில் லாயரை நீளமாகப் பேச விடாதீர்கள். குற்றவாளியா இல்லையா என்ற தன் சொந்த அபிப்பிராயத்தை ஒதுக்கி வைத்துத் தற்காக்க வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டு வழக்கறிஞர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அது அவருக்குத் தெரியும், ஒட்டுக்கடையில் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். காசு கொடுத்துவிட்டு எழுந்து போகட்டும்.

படி 3: ஜூரியை எடுத்துவிடுங்கள்

1995 ஜனவரி 1 முதல் மலேசியாவில் ஜூரி கிடையாது. ஒரே நீதிபதி. இதை மனதில் வாங்கிக்கொண்டால் கதையின் நடையே மாறிவிடும், ஏனென்றால் தினமும் இதே மாதிரி வழக்குகளைக் கேட்கிற ஒருவரைக் கண்ணீரால் அசைக்க முடியாது. காகிதம்தான் அசைக்கும்.

விசாரணை தொடங்குவதற்கு முன்பே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின்படி, அரசுத் தரப்பு தன் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். என் லாயர் ராத்திரி ரூலரை வரிக்கு வரி நகர்த்திப் படிக்கிறார். போலீஸ் எழுதிய எடை ஒன்று, கெமிஸ்ட் அறிக்கையில் எடை வேறொன்று. பொட்டலத்தோடு நிறுத்ததா, பொருளை மட்டும் நிறுத்ததா? இடையில் பொருள் எந்த அலமாரியில் இருந்தது, சாவி யாரிடம்? குறுக்கு விசாரணைக் காட்சியை இப்படிப்பட்ட கேள்விகளால் கட்டுங்கள். சாட்சி ஒரு கணம் பதில் சொல்லாமல் நிற்கிற இடம் போதும், மேசையைத் தட்ட வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளரையும் மறந்துவிடாதீர்கள். நடவடிக்கை மலாயில் போகும், தமிழ்ச் சாட்சிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்லுவார். மலாய் நன்றாகப் புரிகிற சாட்சி தமிழில்தான் பேசுவேன் என்று கேட்டுக்கொண்டால், ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிற அவகாசம் அவருக்குக் கிடைக்கிறது. பொய் சாட்சிக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் இல்லை.

படி 4: பெயரைச் சொல்லும் நேரம்

எழுத எனக்கு அதிக நாள் எடுத்தது இந்தப் படிதான், நின்று நிதானமாகப் படியுங்கள்.

வேன் சாவி சின்னையா வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அவர் தங்கச்சி மகனும் எடுப்பான். சரி, விசாரணையின் கடைசி நாளில் லாயர் எழுந்து "உண்மையான குற்றவாளி இதோ!" என்று மருமகனைக் காட்டினால் பிரமாதம்தானே? இல்லை. அரசுத் தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்: பின்னால் யோசித்துக் கட்டிய கதை. இதுவரை ஏன் சொல்லவில்லை என்று நீதிபதியும் கேட்பார்.

இங்கே லாயர்கள் 'அல்கந்தரா நோட்டீஸ்' என்று ஒன்றைச் சொல்வார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின், 1996-இல் வெளியான ஒரு தீர்ப்பிலிருந்து வந்த பெயர். வேறொருவர்தான் பொருளின் சொந்தக்காரர் என்றால், அவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைப் போலீஸ் தேடிப்பார்க்க முடிகிற காலத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லியும் போலீஸ் தேடவில்லை என்றால் அந்த ஓட்டை தற்காப்புக்குச் சாதகம். தாமதித்தால் அதே பெயர் மதிப்பிழந்துவிடும்.

இதைக் கதைக்காரர் கண்ணால் பாருங்கள். கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின் கீழ் இந்த மாதிரிப் பெரிய குற்றத்துக்கு முதலில் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள் வரை ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல், கேட்கலாம். பெயர் அந்த நாட்களில் வெளியே வந்தால்தான் அதற்குப் பலம். அந்த நாட்களில்தான் தங்கச்சி லாயர் ஆபீஸ் மாடி ஏறி வருகிறார். "அண்ணன் பாவம்தான் தம்பி. ஆனா என் பிள்ளைக்குப் பத்தொம்பது வயசு. அவன் பேரு மட்டும் வேணாம்." சின்னையாவும் லாக்கப்பில் வாயைத் திறக்க மறுக்கிறார். ஊர் வெறுக்கிற அந்த மனுஷன் முதல்முறையாக நமக்குள் வருவது இங்கேதான். கட்சிக்காரரான சின்னையாவின் சம்மதமில்லாமல் லாயர் மருமகன் பெயரைச் சொல்ல முடியாது. பேசாமல் இருந்தால் வழக்கு கைவிட்டுப் போகிறது. வில்லன் யாரும் துப்பாக்கியோடு துரத்தத் தேவையில்லை, நாட்காட்டியே துரத்தும்.

இந்த முடிச்சைக் கதையின் முதல் கால்பங்குக்குள் வையுங்கள். அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு நீதிமன்றக் காட்சியிலும், வாசகர் அந்தச் சொல்லப்படாத பெயரையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருப்பார்.

படி 5: நடுவில் ஒரு கதவு

அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி ஒரு முடிவு சொல்வார்: அடிப்படை ஆதாரம் இல்லை என்றால் அங்கேயே விடுதலை, இருக்கிறது என்றால் தற்காப்பு வாதத்துக்கு அழைப்பு. அழைத்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்று வழிகள். சாட்சிக்கூண்டில் உறுதிமொழி எடுத்துப் பேசலாம், அப்போது குறுக்கு விசாரணை உண்டு. குற்றவாளிக் கூண்டிலிருந்தே உறுதிமொழி இல்லாமல் பேசலாம், யாரும் குறுக்கே கேட்க முடியாது, மதிப்பும் குறைவு. அல்லது மௌனம். உங்கள் கதையின் உச்சக்கட்டம் இந்தத் தேர்வுதான். கூண்டில் ஏறினால், வேனை வேறு யார் எடுப்பார்கள் என்று டிபிபி, அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞர், கேட்டே தீருவார்.

படி 6: கருவிகள்

சட்டங்களை அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம், தீர்ப்புகளை நீதித்துறையின் தளத்தில். தீர்ப்பு வாசிப்பதை நான் நாவல் வாசிப்பதற்கு மேலாக வைக்கிறேன், சாட்சி சொன்ன சொல் அப்படியே அதில் இருக்கும். காட்சி அட்டவணைக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு மாஜோங் பேப்பரை (பெரிய வெள்ளைத் தாளை) சுவரில் ஒட்டி, மேல் வரிசையில் வழக்கின் தேதிகள், கீழ் வரிசையில் அன்றைக்கு லாயர் வீட்டில் நடப்பது என்று எழுதுங்கள். தட்டச்சுக்கு முரசு அஞ்சல், போனில் செல்லினம்.

அப்புறம் நேரில் போங்கள். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததுதான். போனை அணைத்து, உள்ளே நுழையும்போது தலை வணங்கி, பின் வரிசையில் உட்கார்ந்தால் போதும். கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் உயர் நீதிமன்றத்தில் பார்க்கலாம், விக் யாரும் அணிவதில்லை. நீதிபதியை 'யாங் ஆரிஃப்' என்பார்கள். வெளியே வந்தால் லோகன் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஐரோப்பியர் அல்லாதவர்களுக்காக வாதாடிய ஒரு 19-ஆம் நூற்றாண்டு வழக்கறிஞருக்கு எழுப்பியது. என் லாயர் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அதன் நிழலில்தான் பிரிப்பார்.

பின்சேர்க்கை: இரண்டு கேள்விகள் வந்தன. முதலாவது, பொருள் வேனில் இருந்தாலே கடத்தல்காரர் என்று ஊகிக்கலாமே, அப்புறம் வாதாட என்ன இருக்கிறது? கைவசம் இருந்தது என்ற ஊகத்தின் மேலேயே கடத்தல் என்ற ஊகத்தையும் அடுக்க வழிவிட்ட அதே போதைப்பொருள் சட்டத்தின் 37ஏ பிரிவை 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே கதை 2019-க்கு முன்னா பின்னா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், லாயரின் வாதமே அதைப் பொறுத்து மாறும்.

இரண்டாவது, கதை கோலாலம்பூரில் நடந்தால்? நீதிமன்றத்தை ஜாலான் டூத்தா வளாகத்துக்கும், சிறையை சுங்கை பூலோவுக்கும், லாயர் ஆபீஸை பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடிக்கும் மாற்றுங்கள். சுங்கை பூலோவுக்குப் போய்வரும் நேரத்தை மாஜோங் பேப்பரில் குறிக்க மறக்காதீர்கள். காலையில் கட்சிக்காரரைப் பார்த்துவிட்டு நீதிமன்றத்துக்கு ஓடிவரும் காட்சிக்கு அந்த ஜாம் இடம் கொடுக்காது.