பழைய லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும்: நடுவில் ஒரே ஒரு கேபிள்

பழைய லேப்டாப்பில் பல வருஷத்துப் போட்டோவும் கடைக் கணக்கும் சிக்கிக் கிடந்தால், பென்டிரைவில் 8 ஜிபி, 8 ஜிபியாக அள்ள வேண்டாம். ஒரு நெட்வொர்க் கேபிள் போதும். ரூட்டரோ இன்டர்நெட்டோ தேவையே இல்லை. முதலில் லைட் (கேபிள் சொருகும் போர்ட்டில் எரியும் சின்ன விளக்கு), அடுத்து பிங் (ஒரு மெஷின் கூப்பிட்டால் மற்றது பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை), கடைசியில் ஷேரிங் என்ற வரிசை மட்டும் மாறக்கூடாது. கேபிளில் கோளாறை வைத்துக்கொண்டு ஷேரிங் செட்டிங்கைத் திருகினால் பொழுதுதான் போகும்.

இரண்டும் ஒரே அறையில் இருந்தால் ரெடிமேட் 3 மீட்டர் கேட் 5ஈ கேபிள் வாங்கிவிடுங்கள். அடுத்த அறைக்கு இழுக்க வேண்டும் என்றால் பர்மா பஜாரிலோ பெரம்பூர் பக்கமோ மீட்டர் கணக்கில் வாங்கும்போது துண்டு ஒயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பளபளத்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நாலு தடவை மடக்கினால் முறிந்துவிடும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

கேபிள் முனையில் கனெக்டரை கிரிம்ப் செய்யும்போது (அழுத்திப் பொருத்தும்போது) ஒயர்கள் இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்கக்கூடாது. வெளி உறை கனெக்டருக்குள் போய்ப் பிடிபட வேண்டும். இல்லையென்றால் இழுத்த இழுப்பில் ஒயர் கழன்றுவிடும். இரண்டு முனையிலும் இதே வரிசை என்றால் அது நேர் கேபிள். இரண்டு மெஷினில் ஒன்று ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டாக இருந்தாலே அநேகமாக இது போதும், ஒயர் ஜோடிகளை அந்தப் போர்ட்டே மாற்றிக்கொள்ளும். இரண்டுமே பழைய 100 எம்பிபிஎஸ் போர்ட், லைட்டும் எரியவில்லை என்றால் கிராஸ் கேபிள் வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறினால் அதுதான் கிராஸ்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போல கடலை ஒட்டிய வீடுகளில் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் லேப்டாப்பின் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு மெல்லிய பின்கள் தெரியும். உப்புக் காற்றில் தங்க முலாம் தேய்ந்த இடத்தில் பச்சை படிந்திருக்கும். பவரை அணைத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் பின்கள் போகும் திசையிலேயே தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் பின் வளைந்துவிடும். பத்து நிமிஷம் காயவிட்டுச் சொருகுங்கள்.

லைட் எரிந்ததும் ஐபி, அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் நெட்வொர்க் முகவரி. டெஸ்க்டாப்பின் ஈதர்நெட்டுக்கு 192.168.50.1, லேப்டாப்புக்கு 192.168.50.2, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. வீட்டு வைஃபை பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில் ஓடும். அதே வரிசையைக் கொடுத்தால் குழப்பம்.

புதிய விண்டோஸ் உள்ள மெஷினிலிருந்து மற்றதை பிங் செய்யுங்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் கேபிளையோ ஐபியையோ பாருங்கள். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் பாதுகாப்பு) மறிக்கிறது. கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'பப்ளிக்' (நம்ப முடியாத பொது நெட்வொர்க்) என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. இரண்டிலும் வைஃபையை அணைத்துவிட்டு, அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பப்ளிக் பகுதியிலும் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆஃப்.

லேப்டாப்பில் ஃபோல்டரை ஷேர் செய்து, டெஸ்க்டாப் எக்ஸ்ப்ளோரரில் \\192.168.50.2 என்று அடியுங்கள். லேப்டாப் யூசருக்குப் பாஸ்வேர்டு கட்டாயம் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது.

லேப்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பி என்றால் இன்னொரு தடை. ஃபைல் ஷேரிங்குக்கு அதற்குத் தெரிந்த முறை பழைய எஸ்எம்பி 1 மட்டும். விண்டோஸ் 10-இல் 2017 கடைசியிலிருந்தே எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. டெஸ்க்டாப்பின் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அதன் கிளையன்ட்டை மட்டும் டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த வருஷம் மே மாதம் வான்னாக்ரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ்) பரவியது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். ஆகவே அது ஆனில் இருக்கும்வரை இரண்டு மெஷினிலும் இன்டர்நெட் கூடாது. காப்பி முடிந்த கையோடு டிக்கை எடுத்துவிடுங்கள்.

100 எம்பிபிஎஸ்ஸில் நொடிக்குச் சுமார் 11 எம்பி போகும். 10 ஜிபிக்குக் கால் மணி நேரம். ஆயிரக்கணக்கான சின்னப் போட்டோக்கள் என்றால் இன்னும் இழுக்கும். இரண்டும் ஜிகாபிட்டாக இருந்தும் ஸ்டேட்டஸில் 100 என்றே காட்டினால், நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை; அந்த முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். பழைய பேட்டரியை நம்பாமல் சார்ஜரைச் சொருகி, ஸ்லீப்பை அணைத்துவிட்டுக் காப்பியை ஆரம்பியுங்கள்.

முடிந்ததும் இரண்டிலும் ஐபியை மறுபடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு ரூட்டர் கேபிளைச் சொருகும்போது இன்டர்நெட் வராது.