கையால் வரையும் அனிமேஷன்: மென்டரோடு போட்டிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் நடக்கும் ஓர் அனிமேஷன் போட்டியில் புதியவர்கள் வாராவாரம் அனுப்பும் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இந்த முறை நானும் உதவுகிறேன். எட்டு வாரம், ஒரே ஒரு ஷாட், பென்சிலும் தாளும் மட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மென்டர், வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துச் சொல்வார். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு போட்டியில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அன்று நான் செய்த தவறுகளையே இவர்களும் கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தினமும் வரையுங்கள், உடற்கூறு படியுங்கள், கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதற்குள் போகவில்லை.

ஒரே ஷாட்டில் முழுக்கதை

திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத படச்சட்டங்கள் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும், அதாவது ‘டூஸ்’ கணக்கில் ஓட்டினாலும், நொடிக்கு 12 படம். பத்து நொடிக்கு 120. அதில் இரண்டு பேர் இருந்தால் 240. கதையை யோசிக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரே ஆள், ஒரே செயல், நான்கைந்து நொடி: கற்றுக்கொள்ள இதிலேயே ஏராளமாக இருக்கிறது.

தாளுக்கு எண் போடாதது

வரைந்த கையோடு மூலையில் எண். எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்கும் என்று எழுதி வைக்கும் எக்ஸ்போஷர் ஷீட்டிலும் அதே எண். அவ்வளவுதான்.

ரஃபை (முதல் கிறுக்கல் படங்களை) ஒளித்து வைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

என் ஷாட் ரொம்ப எளிமையானது. தரையில் ஒரு பெரிய மரப்பெட்டி. ஒருவன் வந்து குனிகிறான், தூக்குகிறான், தோளில் வைக்கிறான். ஐந்து நொடி, 60 படம். முதல் வாரமே கீ டிராயிங்குகளை, அதாவது அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் படங்களை, போட்டுவிட்டேன். ஆனால் மென்டரிடம் காட்டவில்லை. கோடெல்லாம் கிறுக்கலாக இருந்தது, முகம் சரியாக வரவில்லை, இன்னும் கொஞ்சம் சீராக்கிவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே நினைப்பு. இப்படியே கீகளுக்கு நடுவில் வரும் இன்பிட்வீன் எல்லாவற்றையும் போட்டு, கிறுக்கலைச் சுத்தமான கோட்டில் திரும்ப வரையும் கிளீன்-அப்பும் முடித்து, ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, சட்டை மடிப்பு, பெட்டியின் ஆணித்தலை வரை கூர்மையான கோட்டில் வரைந்து, ஐந்தாம் வாரக் கடைசியில்தான் அனுப்பினேன். கணக்குப் பார்த்தால் கிளீன்-அப்புக்கு மட்டும் 45 மணி நேரம்.

மென்டர் ஒரே கேள்வி கேட்டார்: “இந்தப் பெட்டி காலியா?”

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவன் கை பெட்டியைத் தொட்ட அடுத்த படத்திலேயே பெட்டி தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. தலையணையைத் தூக்குவது மாதிரி. பெட்டியை எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் அது கனமாகிவிடாது. கனம் தெரிவது தூக்குகிறவன் உடம்பில், அதுவும் உடம்பு எடுத்துக்கொள்ளும் தாமதத்தில். கை பிடிக்க வேண்டும், முழங்கை நீள வேண்டும், தோள் கீழே இழுபட வேண்டும், இடுப்பு இன்னும் தாழ வேண்டும், இதெல்லாம் நடக்கும் எட்டுப் பத்து ஃபிரேமுக்குப் பெட்டி அசையவே கூடாது. அப்புறம் ஒரு மூலை மட்டும் முதலில் எழும். எழும்போதும் முதல் மூன்று நான்கு படங்கள் மிக நெருக்கமாக இருக்க வேண்டும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் போல. பெட்டி தரையை விட்டதும் அவன் கால் ஒன்று நகர்ந்து எடைக்கு அடியில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் முன்னால் கவிழ்ந்துவிடுவான். என் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

நடுவில் பத்து ஃபிரேம் சேர்த்தால் போதுமே என்று கேட்கலாம், நானும் அப்படித்தான் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் இடுப்பு தாழ்ந்தால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு நிலையும் மாறும். கால் நகர்ந்தால் தோளில் வைக்கும் இடமே மாறும். கடைசியில் 60 தாளில் தேறியது 11. அந்தப் பதினொன்றும் அவன் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் வருபவை.

இத்தனைக்கும் அந்தப் பிழையைக் காட்ட ஆறு படம் போதும். உள்ளங்கை அளவில் ஆறு கிறுக்கல் கீ, எக்ஸ்போஷர் ஷீட்டில் ஒவ்வொன்றும் எத்தனை ஃபிரேம் நிற்கும் என்ற கணக்கு, போனில் படம் எடுத்து வரிசையாக ஓட்டினால் ஒரு பென்சில் டெஸ்ட். இரண்டு மணி நேர வேலை. முதல் வாரமே அதை அனுப்பியிருந்தால் அதே கேள்வியை முதல் வாரமே கேட்டிருப்பார்.

டிஸ்னி ஸ்டூடியோவில் 1930களிலேயே ரஃப் படங்களைப் பென்சில் டெஸ்டாக எடுத்து ஒரு சின்ன அறையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த அறைக்கு ‘ஸ்வெட்பாக்ஸ்’ என்றே பெயர். அசைவு சரி என்று ஆன பிறகுதான் தாள்கள் கிளீன்-அப் செய்பவர்களிடம் போகும். சம்பளத்துக்கு வரைந்த கைதேர்ந்தவர்களே ரஃபைத்தான் முதலில் காட்டினார்கள் என்னும்போது, கற்றுக்கொள்ள வந்த நமக்கு அதில் என்ன வெட்கம்?

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆறாம் வாரத்தில் ஒருவர் 50 சுத்தமான படங்களை அனுப்பினால், அடிப்படையே தப்பு என்று தெரிந்தாலும் அதை முழுதாகச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. மிச்சம் இருப்பதோ இரண்டு வாரம். “இந்த இரண்டு படத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்” என்று சின்னதாக எதையாவது சொல்லி விட்டுவிடுகிறோம். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய முக்கியமான பாடம் கிடைக்காமலே போகிறது. என் மென்டர் தயங்காமல் கேட்டது என் நல்ல நேரம்.

போன வாரம்கூட ஒருவர் எழுதியிருந்தார்: “ரஃப் ரொம்ப மோசமா இருக்கு, நல்லா வரைஞ்சதும் அனுப்பறேன்.” அப்போதே பதில் போட்டேன்: அந்த மோசமான ரஃபைத்தான் இன்றைக்கே அனுப்புங்கள். நாங்கள் உங்கள் கோட்டைப் பார்க்கவில்லை, கோடு எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

சரி பாதியில் இன்பிட்வீன்

இரண்டு கீக்கு நடுவில் அளந்து சரி பாதியில் வைத்தால் படம் இயந்திரம் மாதிரி ஓடும். கையை வீசும் அசைவில் இது உடனே தெரியும்: தோளை மையமாகக் கொண்டு கை ஒரு வளைவில் போக வேண்டும், நீங்கள் நேர்கோட்டில் பாதியைப் பிடித்தால் நடுப்படத்தில் கை குட்டையாகிவிடும். தலை திரும்பும்போதும் அப்படித்தான், நடுப்படத்தில் முகவாய் கொஞ்சம் தாழ்ந்து எழ வேண்டும், தலை திரும்பும் முன்பே கண் திரும்ப வேண்டும். அதனால் முதலில் பிரேக்டவுன், அதாவது இரண்டு கீக்கு நடுவில் அசைவு எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் படம், போடுங்கள். பிறகு கீ டிராயிங்கின் ஓரத்தில் இன்பிட்வீன்கள் எங்கெங்கே விழும் என்று காட்டும் டைமிங் சார்ட்டை ஏணி போலப் போட்டு, நிற்கப் போகும் நிலையை நெருங்க நெருங்கப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று நெருக்குங்கள். அசைவு வந்து அமர்வது தானாகத் தெரியும்.

லைட் பாக்ஸ் விளக்கை அணைக்காமலே வரைவது

அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் நான்கு தாளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எந்தக் கோடு எதனுடையது என்றே தெரியாது, அடியில் இருப்பதைப் பார்த்து இழுப்பதாகத்தான் வேலை முடியும். இடத்தைக் குறித்துக்கொள்ள மட்டும் விளக்கு. மற்ற நேரம் அணைத்துவிட்டு, விரல்களுக்கு நடுவில் தாள்களைப் பிடித்துப் புரட்டிப் புரட்டி அசைவைப் பார்த்து வரையுங்கள். தாளின் துளைகளை மாட்டி நகராமல் பிடிக்கும் பெக் பார் கீழ்ப்பக்கம் இருந்தால் இப்படிப் புரட்டுவது சுலபம். முன் தாளை மட்டும் பார்த்து அடுத்ததை வரைந்துகொண்டே போனால் முப்பதாவது படத்தில் தலை சுருங்கியிருக்கும், எப்போதும் கீயோடு ஒப்பிடுங்கள்.

“எப்படி இருக்கு?”

இப்படிக் கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். “25-ஆவது ஃபிரேமில் இடது காலில் எடை தெரிகிறதா?” என்று கேளுங்கள்.

மென்டர் மேலே வரைந்து காட்டியதை அப்படியே படி எடுப்பது

அவர் உங்கள் படத்தின் மேல் சிவப்பில் வரைந்து தருவது அந்த ஒரு தாளுக்கு மட்டுமான திருத்தமாக இருக்காது. இடுப்பை ஏன் தள்ளினார், முதுகு வளைவை ஏன் எதிர்ப்பக்கம் திருப்பினார் என்று புரிந்துகொண்டு முன்னும் பின்னும் உள்ள படங்களையும் நீங்களே மாற்ற வேண்டும். புரியவில்லையென்றால் கேட்டுவிடுங்கள். சிவப்புக் கோட்டை மட்டும் படி எடுத்தவர்களின் படம் ஓடும்போது, அந்த ஓர் இடத்தில் மட்டும் வேறொரு ஆள் வந்து போவது மாதிரி ஒரு துள்ளல் இருக்கும்.

படம் எடுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது

மேகம் ஒன்று கடந்தாலே வெளிச்சம் மாறி, ஓட்டும்போது தாள் மினுக்கும். திரையை மூடுங்கள். ஒரே விளக்கு, பெக் பாரை மேசையில் ஒட்டி வையுங்கள், போனை ஸ்டாண்டில் பொருத்தி எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் லாக் செய்யுங்கள். எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எடுத்து முடியுங்கள், இடையில் எழுந்து போய் வந்தால் தெரியாமல் மேசை கொஞ்சம் நகர்ந்திருக்கும்.