பழைய மோசின் ரைபிள்: கிரீஸைக் கழுவுவதிலிருந்து முதல் தோட்டா வரை

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டப்படி உபரி ராணுவ ரைபிள் வாங்கிய புதியவர்கள் பலருக்கு முதலில் வாய்த்தது சோவியத் மோசின்-நாகான் 91/30. துலா, இஷெவ்ஸ்க் ஆலைகளில் செய்தது; 7.62×54 விளிம்புத் தோட்டா (அடியில் விளிம்பு புடைத்திருக்கும்), ஐந்து கொள்ளும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டறையில் பழுது பார்த்து, கெட்டியான காப்புக் கிரீஸ் பூசிக் கிடங்கில் அடுக்கிவிட்டார்கள். காஸ்மோலின் என்று அழைக்கப்படும் இந்தக் கிரீஸ்தான் இத்தனை ஆண்டுகள் துருவைத் தடுத்தது. சுடுவதற்கு முன் இதை ஒட்டுமொத்தமாக எடுத்தாக வேண்டும்.

தேவையானவை: மினரல் ஸ்பிரிட் 2 லிட்டர் (பெயின்ட் கரைக்கும் பெட்ரோலியத் திரவம், சாராய ஸ்பிரிட் அல்ல; மண்ணெண்ணெயும் ஆகும், பெட்ரோல் வேண்டாம்), பழைய துணி, பல் துலக்கும் பிரஷ், .30 அளவு வெண்கல பிரஷும் கம்பியும், 20 கேஜ் ஷாட்கன் பிரஷ் ஒன்று, துப்பாக்கி எண்ணெய், ரப்பர் கையுறை. வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். ஸ்பிரிட் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள், தீப்பிடிக்கும்.

1. கழற்றுதல்

போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும், கைப்பிடி வைத்த உருளை) திறந்து, தோட்டா அறையும் தோட்டாப் பெட்டியும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு விசையை அழுத்தியபடி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் கையோடு வந்துவிடும். குழலுக்கு அடியில் உள்ள துடைப்புக் கம்பி திருகு போட்டது, சுழற்றி எடுங்கள். இரண்டு வளையங்களையும் பக்கத்து வில்லை அழுத்தி முன்னால் தள்ளினால் மேல்மரம் கழலும். தோட்டாப் பெட்டிக்கு முன்னால் அடியில் ஒரு திருகு, போல்ட்டுக்குப் பின்னால் மேலே ஒரு திருகு. இரண்டையும் எடுத்தால் இரும்பு மரத்தை விட்டு வரும். திருகுகளைப் பொருத்தமில்லாத திருப்புளியால் கீறிவிடாதீர்கள்.

2. இரும்பும் மரமும்

இரும்புப் பாகங்களை ஸ்பிரிட்டில் அரை மணி நேரம் ஊறவிட்டு பிரஷால் தேயுங்கள். வெந்நீரிலும் இளகும், ஏனென்றால் இந்தக் கிரீஸ் 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். ஆனால் வெந்நீர் விட்டால் அந்த நிமிடமே துடைத்து எண்ணெய் பூச வேண்டும்.

மரத்தில் ஜாக்கிரதை. மேலே பளபளக்கும் சிவப்புப் பூச்சு அரக்கு. சாராய வகை எதுபட்டாலும் கரைந்துவிடும், கொதிநீர் பட்டால் வெளுக்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் மேலோட்டமாகத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வையுங்கள். மரத்துக்குள் போன கிரீஸ் வியர்வை போல வெளியே வரும். காகிதத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், ஒரே நாளில் முடியாது.

3. போல்ட்

போல்ட்டின் பின்குமிழைச் சற்று இழுத்து இடப்பக்கம் திருப்பி விட்டால், போல்ட் தலையும் இணைப்புத் தகடும் முன்னால் கழலும். உள்ளே தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி பின்குமிழோடு திருகப்பட்டிருக்கும், சுருள்வில் அதைச் சுற்றியிருக்கும். வில் அழுத்தத்தில் இருப்பதால் பிடியைத் தளர்த்தாமல் ஊசியைத் திருகிப் பிரியுங்கள். உள்ளே கிரீஸ் கெட்டியாக இருந்தால் ஊசி மெதுவாகப் பாயும், தோட்டா வெடிக்காது.

திரும்பப் பூட்டும்போது ஊசியின் பின்முனை குமிழின் முகத்தோடு சமமாக, அதிலுள்ள கீறலும் குமிழின் கோடும் நேராக வர வேண்டும். போல்ட் தளர்ந்த நிலையில், அதாவது ஊசி முன்னால் போய்விட்ட நிலையில், ஊசி முனை 0.075 முதல் 0.095 அங்குலம் வரை நீட்டியிருக்க வேண்டும். ரைபிளோடு வரும் தட்டைக் கருவியில் 75, 95 என்று இரண்டு பள்ளங்கள் இருக்கும்: 75-இல் முனை தட்ட வேண்டும், 95-இல் தட்டக் கூடாது. நீளம் குறைந்தால் வெடிக்காது, கூடினால் பிரைமரை (தோட்டாவின் அடியில் ஊசி தட்டும் சிறு வெடிமூடி) துளைத்து வாயு பின்னால் பாயும்.

4. தோட்டா அறை: பலர் விட்டுவிடும் இடம்

"இருபது தோட்டா சுட்டதும் போல்ட் இறுகிவிட்டது, கைப்பிடியைச் சுத்தியலால் அடித்தேன்" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். மெல்லிய படலமாக ஒட்டிய பழைய கிரீஸ், குழல் சூடானதும் இளகி, வெற்றுக்கூட்டைப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். தோட்டா மேலுள்ள வார்னிஷ் உருகுகிறது என்று பழி போடுவோர் உண்டு, முதலில் அறையைத் தேயுங்கள்.

20 கேஜ் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, குட்டைக் கம்பியில் மாட்டி, மெதுவாகச் சுழலும் டிரில்லில் அரை நிமிடம் ஓட்டுங்கள். துடையுங்கள். வெள்ளைத் துணியில் பழுப்பு படியாமல் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். போல்ட்டின் பூட்டுப் புடைப்புகள் உட்காரும் பள்ளங்களையும் விட வேண்டாம்.

5. குழல்

பின்பக்கத்திலிருந்தே கம்பியை விடுங்கள். முன்வாயில் கம்பி உரசினால் குறி சிதறும். உட்புறம் கருத்து, மங்கலாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், உள்ளே சுழன்று போகும் வரிகள் தெளிவாக இருந்தால் நன்றாகவே சுடும்.

6. முதல் சுடுதல்

குழலிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருப்பதே பொருத்தத்துக்குச் சான்றல்ல. பழைய எண்ணை அழித்துப் புது எண்ணைப் பட்டறையில் குத்தியதும் உண்டு. துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அளவுகட்டையால் பாருங்கள். பிறகே சுடுகளம்.

சுடும் முன் அறையையும் குழலையும் எண்ணெய் இல்லாமல் உலரத் துடையுங்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் கூடு அறையின் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் மீது அதிக விசையோடு இடிக்கும். கண்ணாடி, காதுக் கவசம் கட்டாயம். முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, கூட்டை எடுத்துப் பாருங்கள்: வெடிப்பு, வீக்கம், துளைத்த பிரைமர் எது தெரிந்தாலும் நிறுத்துங்கள். வெடிக்காவிட்டால் குழலை இலக்கிலிருந்து திருப்பாமல் ஒரு நிமிடம் காத்திருந்தே போல்ட்டைத் திறக்க வேண்டும். பல தோட்டா நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்றில் ஒன்று மாட்டும். குறி வேறு இடத்தில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள், ஆலையில் இதைத் துப்பாக்கி முனை ஈட்டியைப் பொருத்தி வைத்தே நேர்படுத்தினார்கள்.

7. அன்றைக்கே கழுவுங்கள்

பழைய சோவியத் தோட்டாக்களின் பிரைமர் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு உப்பு குழலில் படியும். காற்றின் ஈரத்தை அது இழுத்துத் துருவாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானைச் சிலர் ஊற்றுகிறார்கள், அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான். ஒரு லிட்டர் வெந்நீரைப் பின்பக்கத்திலிருந்து ஊற்றி, போல்ட் தலையையும் அலசி, உலரத் துடைத்து, எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு துணியை விட்டுப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் முழுவதையும் மறுபடி செய்யுங்கள்.