பழைய அப்ரைட் பியானோ: விரலை எடுத்தும் ஒலி நிற்கவில்லையா?

மேல்கோடியில் ஏறக்குறைய 20 கட்டைகளுக்கு டேம்பரே (விரலை எடுத்ததும் தந்திமேல் படிந்து ஒலியை அடக்கும் கம்பளி ஃெபல்ட் வைத்த பாகம்) கிடையாது. அவை ஒலித்துக்கொண்டே இருப்பது கோளாறல்ல. மற்ற எல்லாமே நீண்டு ஒலித்தால் வலது பெடலைப் பாருங்கள். பெடலை மிதித்ததும் முதல் சில மில்லிமீட்டர் வெறுமனே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பெடல் தண்டு எப்போதும் டேம்பர்களைத் தள்ளிப் பிடித்திருக்கிறது. அடியிலுள்ள நட்டைத் தளர்த்துங்கள்.

ஒரே ஒரு சுரம் மட்டும் நீண்டு ஒலித்தால், முதலில் கட்டை முழுதாக மேலே வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், முன்பலகையைக் கழற்றி, பென்சிலின் பின்முனையால் அந்த டேம்பரைத் தந்திமேல் மெல்ல அழுத்துங்கள். ஒலி நின்றுவிட்டால் ஃபெல்ட் நல்லதுதான், அழுத்தம்தான் போதவில்லை. பின்னாலுள்ள மெல்லிய ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம், இடம் நழுவியிருக்கலாம். விரலால் தள்ளிவிட்டால் டேம்பர் சோம்பலாகத் திரும்புகிறதா? ஈரத்தில் துணிப்புஷ் (டேம்பர் அசையும் அச்சைச் சுற்றியுள்ள துணி) ஊதி, அச்சு ஊசியை இறுக்கிவிட்டது. ஊசியை உருவி, துளையைச் சற்றே தேய்த்து அகலமாக்கிப் பொருத்த வேண்டும். அங்கே மெஷின் எண்ணெய் ஊற்றுவதுதான் ஆகப்பெரிய தவறு: துணி அதைக் குடித்து, தூசியையும் சேர்த்துக்கொண்டு முன்னைவிட மோசமாக இறுகும்.

அழுத்தியும் நிற்காவிட்டால் அந்தச் சுரத்தின் மூன்று தந்திகளையும் நகத்தால் தனித்தனியே மீட்டுங்கள். ஓரத்துத் தந்தி மட்டும் பாடினால் டேம்பர் திரும்பியிருக்கிறது. ஃபெல்ட்டில் தந்தி பதிந்த பழைய தடம் இப்போதைய தந்தியோடு ஒட்டாமல் விலகியிருப்பதும் தெரியும். டேம்பரைத் தாங்கும் கம்பியை இடுக்கியால் மயிரிழை அளவு வளைத்தால் போதும். மூன்றும் பாடினால், டேம்பர் படும்போது ‘ஜிங்’கென்று கேட்டால், ஃபெல்ட் கெட்டிப்பட்டுவிட்டது. ஊசியால் குத்தி இளக்குவது சில நாளைக்குத்தான், மாற்றிவிடுவதே மேல். புதியது பழையதன் தடிமனிலேயே இருக்கட்டும். பாஸ் (கீழ்ச்சுர) பகுதியின் இரட்டைத் தந்திக்கு ஆப்பு வடிவம், மேல்சுரங்களுக்குத் தட்டையானது. பசை மெல்லிசாகத் தடவுங்கள். ஃபெல்ட்டுக்குள் ஊறினால் அதுவும் கல்லாகிவிடும்.

கடைசியாக, கட்டையை மெதுவாக அழுத்துங்கள். தந்தியை அடிக்கும் ஹேமர் பாதி தூரம் போனதும் டேம்பர் விலகத் தொடங்க வேண்டும். முன்னதாகவே விலகினால், டேம்பரைத் தள்ளும் ஸ்பூன் அதிகம் வளைந்திருக்கிறது. கட்டையும் கனமாகத் தெரியும். ஸ்பூன் ஆக்‌ஷனின் (ஹேமர், டேம்பர் எல்லாம் அடங்கிய இயக்கத் தொகுதியின்) பின்புறம் ஒளிந்திருப்பதால் சாக்பீஸால் குறியிட்டு, ஆக்‌ஷனை இருவர் பிடித்துத் தூக்கி, வளைத்துத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான்.

டேம்பர்கள் ஹேமருக்கு மேலே, முன்னால் கம்பிக் கூண்டுபோல நிற்கும் பழைய வகையில் ஃபெல்ட் புதிதானாலும் கொஞ்சம் ரீங்காரம் மிஞ்சும். அதை விரட்டிக்கொண்டு போக வேண்டாம்.